சுரினாம் சீனக் கடையில் எங்கள் கலியாணச் சாப்பாடு

அந்தக் கடையில் நான் முதன்முதலாகக் கேட்டு வாங்கிய சாப்பாட்டை நான் சாப்பிடவில்லை. தட்டு ஆவி பறக்க என் முன்னால் வந்து இறங்கியபோது, பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் தமிழில், "அத எடுக்காதீக, மாட்டுக்கறி" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வளைகுடாவில் இருக்கும் புஜைராவுக்கு வந்து, கப்பல் ஏஜென்சி ஒன்றில் டெலக்ஸ் அடிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அலுவலகமும் என் ரூமும் மேல்மாடியில், கீழே கடைகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையாளி ஹோட்டல்கள் தெரு முழுக்க இருந்தன. ஆனால் உள்ளே எல்லாம் ஆண்கள். ஒரு பெண் தனியாக நுழைந்தால் அத்தனை கையும் சோற்றில் அப்படியே நின்றுவிடும். எங்கள் கட்டடத்தின் மூலையில் இருந்த சீனக் கடையில் மட்டும் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விலையும் என் சம்பளத்துக்கு அடங்கியதாக இருந்தது. அதனால் அங்கே போனேன்.

மெனு அட்டையைப் பார்த்ததும் தலை சுற்றியது. எழுத்து ஆங்கில எழுத்துத்தான், ஆனால் சொற்கள் ஆங்கிலம் இல்லை. டீயும் ஜேயும் சேர்ந்து ஒரு சொல் தொடங்குவதை நான் அதுவரை பழுதாய்ப்போன டெலக்ஸில்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு நம்பர் போட்டிருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரைச் சொன்னேன். வந்தது மாட்டிறைச்சி.

சொன்னவரைத் திரும்பிப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டைகள். எண்ணெய்த் தாங்கிகள் கட்டும் சைட்டில் வெல்டர் என்று பிறகு தெரிந்தது, ஊர் சிவகங்கைப் பக்கம். அவருடன் பாகிஸ்தானியரான ஒரு பட்டாணி டிரைவர் இருந்தார். என் தட்டை மரியாதையாக எடுத்து அந்த டிரைவரின் முன்னால் வைத்துவிட்டு, கல்லாப் பெண்ணிடம் இந்தியில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "தெலோ சொல்லியிருக்கேன். மரவள்ளிக் கிழங்கப் பொரிச்சு, மேல கருவாடு போட்டுத் தருவாக. புடிக்குமா?"

"மரவள்ளிக் கிழங்கோ? சீனக் கடையிலயோ?"

"இது சீனக் கடையின்னு யார் சொன்னா? சாப்புட்டுப் பாருங்க."

சாப்பிட்டேன். வெளியே மொறுமொறு, உள்ளே மா மாதிரிக் கிழங்கு, மேலே வெங்காயத்தோடும் மிளகாயோடும் வதக்கிய உப்புக் கருவாடு. எங்கள் வீட்டில் மரவள்ளியும் கருவாடும் ஒரே நாளில் சமைப்பதுண்டு. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுச் சாப்பிட யாருக்கும் தோன்றியதில்லை. தட்டை வழித்தேன். அவர் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். சமையல்காரர் சீனர், ஆனால் பிறந்தது தென்னமெரிக்காவில், சுரினாமில். அது டச்சுக்காரர் ஆண்ட நாடு. துறைமுகம் கட்டும்போது கடலடி மண்ணை வாரும் டச்சுக் கப்பலில் சமைக்க வந்தவர், கப்பல் போனபிறகும் போகாமல், கஃபீலாக, அதாவது பொறுப்பாளராக, ஓர் உள்ளூர் அரபியைப் பிடித்து அவர் பெயரில் லைசன்ஸ் எடுத்துக் கடை போட்டுவிட்டார். கல்லாவில் இருந்த பெண் அவர் மனைவி. அவளும் சுரினாமில் பிறந்தவள்தான், ஆனால் முன்னோர்கள் கல்கத்தாவில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள். அவள் பேசும் இந்தி எந்த ஊர் இந்தி என்று இந்திக்காரர்களுக்கே தெரியவில்லை. வடநாட்டு ஆட்கள் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வெல்டரின் உடைந்த இந்தி மட்டும் அவளோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர் அவளை 'தீதி' என்பார். நான் எங்கள் வழக்கப்படி 'அன்ரி' என்றேன். அவள் கணவர் 'அங்கிள்' ஆனார்.

அதன்பிறகு மத்தியானங்களில் நான் மெனு அட்டையைத் தொடவே இல்லை. அவர் டூட்டி மாறிக் கடைக்கு வரும் நாட்களில் அவரே எனக்கும் சொல்லிவிடுவார். 'பாரா' என்ற பெயரில் வந்தது நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடை. முதல் தடவை அதைக் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரொட்டியைப் பிய்த்தால் உள்ளிருந்து வெந்த பருப்புத் தூள் உதிரும். அதோடு உருளைக்கிழங்குக் கறியும் பயற்றங்காய்க் கறியும் தருவார்கள். குளிர் தொடங்கும் மாதங்களில் 'சாவோட்டோ' என்ற கோழிச் சூப். அதைச் சுரினாமில் போய்க் குடியேறிய ஜாவாக்காரரிடம் கற்றதாக அன்ரி சொன்னாள். 'மொக்சி மெட்டி' என்றால் வாத்தும் கோழியும் மாடும் வாட்டிக் கலந்தது. அதை நாங்கள் மாடு இல்லாமல் கேட்போம். அங்கிள் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்து தருவார். இந்தக் காலத்தில் யாராவது அப்படி ஒரு கடையைக் கண்டு என்னிடம் எதை வாங்குவது என்று கேட்டால், முதலில் தெலோ, இரண்டாவது பாரா, மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு நாள் அவர் சூப்பைக் கேட்டுவிட்டுக் குடிக்காமல் இருந்தார்.

"லீவு சாங்சன் ஆயிருச்சு" என்றார்.

"நல்லது தானே."

"ஊர்ல பொண்ணு பாத்து வச்சிருக்காகளாம்."

பட்டாணி டிரைவர் அன்றைக்கென்று வந்திருக்கவில்லை.

"என்ன பதில் சொல்லன்னு தெரியல. அதான் ஒங்களக் கேக்கலாம்னு..."

"இஞ்ச எனக்கு எது நல்லம் எண்டு எப்பவும் நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? இதையும் நீங்களே சொல்லுங்கோ" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் சூப்புக் கோப்பையைத் தூக்கி ஒரே மடக்காகக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "அப்ப நான் லீவுக்குப் போகல" என்றார். கல்லாவில் இருந்த அன்ரிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து எங்கள் இருவர் தலையிலும் கை வைத்தாள்.

அவர் வீட்டுச் சம்மதம் ஓமானில், சலாலாவில் இருந்த அவருடைய தாய்மாமன் மூலமாக வந்தது. எங்கள் வீட்டில் அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில். போர் நடந்த அந்த நாட்களில் அங்கிருந்து கொழும்புக்கு வருவதே பெரும்பாடு, வளைகுடாவுக்கு எங்கே வருவது? பெரியவர்கள் இடத்தில் எனக்கு இருந்தது அக்காதான். அவள் அத்தானோடு பஹ்ரைனில், குதைபியாவில் இருந்தாள். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தியாக்காரரோ?" என்றாள்.

"ஓம்."

"வெல்டிங் வேலையோ?"

"ஓம்."

"சாப்பாட்டுக் கடையில கண்டு பழகினியோ?"

"ஓம் அக்கா."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி. ஆனா கலியாணச் சாப்பாடு சைவமாத்தான் இருக்கோணும். மச்சம் கிச்சம் எண்டு ஒண்டும் கிட்ட வரப்படாது" என்றாள். அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அந்தச் சொல்லில்தான் எனக்கு விளங்கியது. போன் பெட்டிக்குள் நின்று அழுதேன், சிரித்தேன், வெளியே காத்திருந்த பெங்காலி கண்ணாடியைத் தட்டினான்.

வியாழக்கிழமை துபாய்க் கோயிலில் தாலி கட்டுவது, வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்தபிறகு புஜைராவில் விருந்து என்று முடிவாயிற்று. விருந்தை வேறெங்கே வைப்பது? அன்ரியின் கடைதான். அவரோடு கேம்பில் தங்கியிருந்த ஆட்களிடம் சைவச் சாப்பாடு என்று சொன்னதும் ஒரே கூச்சல்.

"மாப்ள, கறியில்லாத விருந்துக்கு எதுக்குடா சீனாக்காரன் கடை?"

"அவுக வீட்டு வழக்கம்டா. ஒரு நாளைக்கு வாயக் கட்டுங்க."

அங்கிளிடம் சொல்வது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த அரைகுறை அரபியும் ஆங்கிலமும் கலந்து பேச்சு நடந்தது.

"மாஃபி மீட்?" என்று கேட்டார் அங்கிள். இறைச்சி இல்லையா?

"மாஃபி."

"மாஃபி சிக்கன்? மாஃபி ஃபிஷ்?"

"மாஃபி, மாஃபி."

"மாஃபி டேஸ்ட்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அன்ரி பின்னாலேயே போய் டச்சிலோ எதிலோ அதட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மெனுவை அவளே ஒப்பித்தாள். பாரா, மாங்காய் அச்சாறு, பருப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, பயற்றங்காய், பொரித்த மரவள்ளி. இவை அவள் பொறுப்பு. மரக்கறி போட்ட நூடுல்ஸ் அங்கிள் பொறுப்பு. அது இல்லாமல் தன் கடையில் விருந்து இல்லை என்று அவர் சொல்லிவிட்டாராம்.

அக்காவும் அத்தானும் பஹ்ரைனிலிருந்து வந்து சேர, வியாழக்கிழமை தாலி ஏறியது. நல்லபடி நடந்தது. அதைப்பற்றிச் சொன்னால் நான் நிறுத்தமாட்டேன், விட்டுவிடுகிறேன். மறுநாள் காலை, என் ரூமில் தங்கியிருந்த அக்கா, குளித்துச் சேலை உடுத்து, "வா, சமையலைப் பாத்திட்டு வருவம்" என்று கீழே இறங்கினாள். நானும் கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சமையலறை வாசலில் ஒரு வாளி. வாளி நிறைய முட்டைக் கோது.

"உதென்ன?" என்றாள் அக்கா.

உள்ளே அங்கிள் அதிகாலையிலேயே எழுந்து, மாவில் முட்டை ஊற்றித் தன் கையாலேயே பிசைந்து, இழுத்து, வெட்டி, மஞ்சள் மஞ்சளாக நூடுல்ஸ் மலையே செய்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கென்று விசேஷமாகச் செய்தது. பெருமையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவரும் பாவம், யாரும் அவரிடம் முட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

"மாஃபி மீட்!" என்று அங்கிள் நூடுல்ஸைக் காட்டினார்.

"பைத்! பைத்!" என்று அக்கா வாளியைக் காட்டினாள். பஹ்ரைனில் இருந்தவளுக்கு முட்டைக்கு அரபி தெரியாதா?

"எக் மாஃபி மீட்!"

"முட்டையும் மச்சந்தான்!" அக்கா தமிழிலேயே கத்தினாள்.

அங்கிள் அடுப்பை அணைத்தார். ஏப்ரனைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டினார். பின்கதவுப் படியில் போய்க் குந்திக்கொண்டார். இனி என் கல்யாண விருந்து வடையும் ரொட்டியும்தான் என்று நினைத்தேன். வரப்போகிறவர்களோ ஒரு பஸ் ஆட்கள். வெள்ளிக்கிழமை காலை, ஜும்மா முடியாமல் ஒரு கடையும் திறக்காது.

அன்ரிதான் ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். பெட்டி நிறைய வெள்ளை நூல் நூலாகக் காய்ந்த நூடுல்ஸ் பைகள். "சாவல்" என்று தன் இந்தியில் சொன்னாள். அரிசி. அக்கா ஒரு பையைப் பிரித்து, ஒரு கொத்தை எடுத்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பிள்ளை, இது இடியப்பமெல்லே!"

"என்னக்கா?"

"காய வைச்ச இடியப்பம். வேறென்ன? சொதி வைப்பம். தேங்காய் இருக்கோ?"

தேங்காய் இருந்தது. வர முடியாத தாய்மாமன் சலாலாவிலிருந்து லாரியில் ஒரு சாக்குத் தேங்காய் அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வைத்திருந்தோம். என் கணவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் பட்டு வேட்டியோடு, இரண்டு கேம்ப் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு, சாக்கைத் தோளில் சுமந்து வந்தார்.

தேங்காயை உடைத்தாயிற்று, துருவலகுக்கு எங்கே போவது? அன்ரி இறைச்சி அரைக்கும் மெஷினைக் காட்டினாள். அக்கா அதைப் பார்த்த பார்வையில் அன்ரியே துணியைப் போட்டு அதை மூடிவிட்டாள். என் கணவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பழைய இரும்பு அகப்பை கண்ணில் பட்டது. நண்பனின் பிக்கப்பிலிருந்து அரத்தை எடுத்துவரச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, படியில் அங்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அகப்பையின் விளிம்பில் பல் பல்லாக ராவத் தொடங்கினார். சர் சர் என்ற அந்தச் சத்தத்துக்கு அங்கிள் மெல்லத் தலையைத் திருப்பினார். பிறகு எழுந்து வந்து, அகப்பையின் மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

துருவலகு தயாரானதும் மாப்பிள்ளையும் நண்பர்களுமாகத் துருவித் தள்ளினார்கள். அக்கா பிழிந்தாள். நான் கூறைச் சேலையோடு வெங்காயம் வெட்டினேன். கல்யாணப் பெண் அழக்கூடாது என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள். கறிவேப்பிலைக்கு ஒரு மலையாளிக் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். பால் ஒரு கொதி வரும் நேரத்தில் அங்கிள் ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். கரண்டி நுனியில் சுவைத்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, ஒரு பிடி செலரி இலையைக் கிள்ளி, அக்கா தடுக்குமுன் உள்ளே போட்டுவிட்டார்.

"ஐயோ, என்ர சொதி!" என்றாள் அக்கா.

அவர் கரண்டியை அவளிடம் நீட்டினார். அவள் கோபத்தோடு வாங்கி, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "ம்... பரவாயில்லை" என்றாள். எங்கள் அக்கா ஒன்றைப் பரவாயில்லை என்றால் அதற்குமேல் பாராட்டு கிடையாது. அங்கிளுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. அரிசி நூடுல்ஸை வெந்நீரில் போட்டு எடுத்து, ஆவியில் வைத்து, வெள்ளைப் பூப்பந்து மாதிரித் தட்டுத் தட்டாகக் குவிக்க ஆரம்பித்தார்.

மலைபோலக் கிடந்த முட்டை நூடுல்ஸை என்ன செய்வது? மூடி வைத்திருந்த பாத்திரத்தை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு மனுஷன் பிசைந்தது. என் கணவர் பக்கம் திரும்பினாள். தாலி கட்டிய பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தம்பி, முன்னுக்குச் சைவம். பின்னறையில என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது. நான் பாக்கவும் மாட்டன்."

அவர் அதை அன்ரிக்கு இந்தியில் சொல்ல, அன்ரி அங்கிளுக்குச் சொல்ல, அங்கிள் ஃப்ரீசரைத் திறந்தார்.

ஜும்மா முடிந்து கேம்ப் பஸ் வந்தது. முன் அறையில் மேசைகளை ஒட்டிப் போட்டு வெள்ளைத் தாள் விரித்திருந்தோம். எங்கள் அலுவலகத்தார், யாழ்ப்பாணத்துச் சனம், இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து வீடுகளில் வேலை செய்த இரண்டு தங்கச்சிமார், கேம்ப் ஆட்கள், பட்டாணி டிரைவர் எல்லோரும் வந்தார்கள். சொதியில் ஊறிய அரிசி நூடுல்ஸைக் கையால் அள்ளிச் சாப்பிட்டார்கள். பாரா தட்டில் விழ விழக் காணாமல் போயிற்று. "உளுந்த வடையில இலையெல்லாம் போட்டிருக்காக, நல்லாத்தேன் இருக்கு" என்றார் ஒருவர். யாழ்ப்பாணத்து அலுவலர் ஒருவர் பருப்பு ரொட்டியைச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டு, அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தார்.

கேம்ப் ஆட்கள் முன்னால் மரியாதைக்கு ஒரு கை சாப்பிட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கை கழுவுகிற சாக்கில் பின்னறைக்கு நழுவினார்கள். அங்கே வாணலி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முட்டை நூடுல்ஸ்மேல் வாட்டிய கோழியும் வாத்தும். உள்ளே போனவர்கள் திரும்பி வரவே இல்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா, "அத்தான் எங்கை?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா நேரே போய்ப் பின்னறைத் திரையை விலக்கினாள். கேம்ப் ஆட்களுக்கு நடுவே, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு வாத்துக் காலோடு அத்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை" என்று சொல்லி அக்கா திரையை மூடினாள். திரைக்கு இந்தப் பக்கம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருஷம் பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்தபோது பஸ் புறப்பட்டது. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அன்ரி கட்டிக் கொடுத்த பாராப் பொட்டலம் போயிற்று. கடையில் நாங்கள் சில பேர்தான் மிச்சம். அன்ரி மேசைகளைத் துடைக்கத் துணியை எடுத்தாள். அக்கா அதைப் பிடுங்கிப் போட்டாள். அவளையும் அங்கிளையும் தோளைப் பிடித்து அழுத்தி முன்மேசையில் உட்கார வைத்தாள்.

"சமைச்ச ஆக்கள் சாப்பிடாமல் கலியாண வீடு முடியாது" என்றாள். என் கணவர் அதை இந்தியில் சொன்னார்.

நானும் அவரும் தட்டு வைத்தோம், அக்கா பரிமாறினாள். அன்ரி சோர்வாகச் சிரித்து, அவருக்குப் புரியும் இந்தியில் மெதுவாகச் சொன்னாள். அவர் என்னிடம் சொன்னார்: "கட தொறந்த நாள்லருந்து இங்கன ஒக்காந்து அவுக சாப்பிட்டதே இல்லையாம். வேற ஆளு வெளம்பிச் சாப்புடுறது இன்னைக்குத்தானாம்."

அங்கிள் எதையும் கவனிக்கவில்லை. சொதியை நூடுல்ஸில் விட்டு, கையால் சாப்பிடத் தெரியாமல் சாப்பிட்டு, விரலெல்லாம் வழிய, தட்டை அக்காவை நோக்கி நீட்டினார். அக்கா சட்டியைச் சரித்து அடியில் இருந்ததையெல்லாம் வழித்து ஊற்றினாள்.